ஊர் ஒப்பினால் சுகம், ஒப்பாவிட்டால் விசரா?

அம்பாறைக் கரையில் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எந்தத் தேத்தண்ணிக் கடையில் கேட்டாலும், விசர் என்றால் என்ன என்பதற்கு ஏறக்குறைய ஒரே விடைதான் கிடைக்கும். ஊரெல்லாம் செய்வதை ஒருவன் செய்யவில்லை. ஊரில் எவரும் செய்யாததை அவன் செய்கிறான். ஆகவே அவனுக்கு மண்டையில் ஏதோ பிழை. கொழும்புப் பக்கமே போகாதவருக்கும் அங்குள்ள மனநோய் மருத்துவமனையை நினைத்து 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்று சொல்லத் தெரியும்.

இது படியாதவர் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. உளவளத்துணைக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உளவியல் படிப்பவர்கள் பிறழ்வுக்கு நான்கு வரைவிலக்கணங்களை மனப்பாடம் செய்கிறார்கள்: எண்ணிக்கையில் அரிதாயிருப்பது, சமூக நெறியிலிருந்து விலகுவது, அன்றாட வாழ்வைச் சமாளிக்க முடியாமற் போவது, இலட்சிய உளநலத்துக்குக் குறைந்து நிற்பது. பரீட்சை முடிந்ததும் பின்னிரண்டும் மறந்துபோகின்றன. முன்னிரண்டும் தங்கிவிடுகின்றன, அவை ஏற்கெனவே தேத்தண்ணிக் கடையில் கேட்டவைதானே. இன்னும் மேலே போனால் மானிடவியல் வாசித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பண்பாட்டில் பிறழ்வெனப்படுவது இன்னொன்றில் மதிப்புக்குரியதாக இருக்கலாம் என்று ரூத் பெனடிக்ட் 1934இல் எழுதினார். அதிலிருந்து இவர்கள் எடுத்த முடிவு, அந்தந்த ஊரின் நெறியே அந்தந்த ஊருக்கு அளவுகோல், வெளியார் வந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது. கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது.

மூன்று தரப்பும் செய்யும் தவறு ஒன்றே. ஒரு மனிதனின் மனம் நலமாக இருக்கிறதா என்று அறிய, அவனை அயலவனோடு ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீடு எங்கே உடைகிறது என்று பார்க்க வெகுதூரம் போகத் தேவையில்லை. ஆலையடிவேம்பே போதும்.

ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் நிர்வாகக் கணக்கில் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகள்; நிலத்தில் ஒட்டிக் கிடப்பவை. ஒரு பக்கம் பெரும்பாலும் தமிழ் இந்துக்கள், மறுபக்கம் முஸ்லிம்கள். வீட்டிலும் வயலிலும் பேசுவது ஒரே தமிழ். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் இங்கே வந்து தங்கி ஆராய்ந்தார். இரு சமூகங்களையும் பற்றிய அவருடைய பெரிய நூல் 2008இல் வெளிவந்தது. தாய்வழிக் குடி முறை இரு பக்கத்துக்கும் பொது என்று அதில் விரிவாகக் காட்டுகிறார். மகளுக்கு வீடு சீதனமாகப் போகிறது, மருமகன் அங்கே வந்து குடியேறுகிறார். மதுரையில் 'வீட்டோட மாப்பிள்ளை' என்பது கேலிப் பேச்சு. இங்கே மனைவி வீட்டுக்குப் போக மறுக்கிற மாப்பிள்ளையைத்தான் என்ன பிரச்சினை என்று விசாரிப்பார்கள். நெறியிலிருந்து விலகுவதுதான் பிறழ்வு என்றால், அக்கரைப்பற்று ஆண்கள் மதுரை பஸ் நிலையத்தில் இறங்கியவுடன் நோயாளிகளாகி, ஊர் திரும்பியதும் குணமாகிவிட வேண்டும். அப்படி ஒரு நோயை எந்த வைத்தியரும் கண்டதில்லை.

அதனால்தானே ஊருக்கு ஊர் அளவுகோல் வேறு என்கிறோம் என்பார் பண்பாட்டுவாதி. சரி, ஊர் என்பது யார்? கிழக்கின் கந்தூரிகளில் ரிபாய் தரீக்கா என்ற சூஃபி வழியைச் சேர்ந்த பாவாமார் இரும்பு ஊசியால் உடலைக் குத்திக்கொண்டு ராத்தீப் நடத்துவார்கள். பழைய தலைமுறைக்கு அது இறைநேசரின் அற்புதம், கறாமத்து. அதே வீட்டில் தௌஹீத் பக்கம் போன மகனுக்கு அது மார்க்கத்தில் இல்லாத புதுமை, பித்அத்து. வாப்பா சலவாத்துச் சொல்லும் இடத்தில் மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆலையடிவேம்புப் பக்கத்திலும் இதே கதைதான். அம்மன் சடங்கில் உருவேறி வாக்குச் சொல்லும் பெண்ணின் காலில் பாட்டி விழுகிறார். பல்கலைக்கழகம் போய் வந்த பேத்திக்குக் கூச்சமாக இருக்கிறது. நெறி எது என்று பள்ளிவாசல் மரைக்காரிடம் கேட்பதா, கோயில் வண்ணக்கரிடம் கேட்பதா, பேத்தியிடம் கேட்பதா? ஊர் என்று ஒற்றை மனம் எங்கும் கிடையாது. யார் குரல் உரத்து ஒலிக்கிறதோ அதற்குத்தான் ஊர் என்று பெயர்.

அந்த வாக்குச் சொல்லும் பெண்ணிடம் சற்று நிற்க வேண்டும். போர்க் காலத்தில் மட்டக்களப்புப் பகுதி அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரைப் பற்றி பற்றீசியா லோரன்ஸ் என்ற ஆய்வாளர் 1990களில் ஆராய்ந்தார். பிடித்துச் செல்லப்பட்ட மகன் இருக்கிறானா இல்லையா என்று எந்த முகாமிலும் கேட்க முடியாத தாய்மார், அங்கே போய்க் கேட்டார்கள். வெளியே வாய் திறக்கப் பயந்த வேதனைக்கு அந்த வாசலில் ஒரு குரல் கிடைத்தது. நோய்க்குறிப் பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பவர் வாக்குச் சொல்லும் அந்தப் பெண்ணைப் பார்த்தால், தன் உணர்வு இழக்கிறார், தன்னுடையதல்லாத குரலில் பேசுகிறார் என்று குறித்துக்கொள்வார். ஊரோ அவரைத் தெய்வம் என்று கும்பிடும்.

இரண்டு பேருமே பார்க்கத் தவறுவது ஒன்று உண்டு. உடுக்கு அடிக்கும்போது அவருக்கு உரு வருகிறது, சடங்கு முடிய இறங்குகிறது, மறுநாள் விடிய அவர் பிட்டு அவிக்கிறார், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார். அயல் வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு அதே உரு கேளாத நேரத்தில் வருகிறது, வந்தால் போவதில்லை, சோறு இறங்கவில்லை, கைக்குழந்தையைத் தூக்கவும் முடியவில்லை. ஊரின் விளக்கம் இருவருக்கும் ஒன்றே. ஊர் அளவுகோலை வைத்துக்கொண்டு இந்த இரு பெண்களையும் பிரித்தறிய வழியே இல்லை. முதலாமவர் நலமாக இருப்பதற்குக் காரணம் ஊரின் ஒப்புதல் என்றால், இரண்டாமவருக்கும் அதே ஒப்புதல் இருக்கிறதே, ஏன் அவர் வாடுகிறார்? உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நோய் வகைப்பாடு, ஆவேச நிலையை நோய் என்று சொல்ல, அது விரும்பாமல் வர வேண்டும், ஆளுக்குத் துன்பமோ செயல்முடக்கமோ தர வேண்டும், பண்பாடு ஏற்ற வழக்கமாகவும் இருக்கக் கூடாது என்கிறது. முதலிரண்டு நிபந்தனைகளே போதும். மூன்றாவதை இறுக்கிப் பிடித்தால் அந்த இரண்டாவது பெண் கோயில் வாசலிலேயே கைவிடப்படுவார்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். அரிதாக இருப்பதே பிறழ்வு என்ற வாதத்துக்கு 2004 டிசம்பர் 26 ஒரு காலைப்பொழுதில் முடிவு கட்டியது. இலங்கையில் சுனாமியால் ஆக அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில்; 10,000க்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று வரிசையாகக் கரை துடைக்கப்பட்டது. அடுத்த வாரங்களில் இந்தக் கரையோரத்தில் நிம்மதியாகத் தூங்கியவரைத்தான் தேட வேண்டியிருந்திருக்கும். எண்ணிக்கைப்படி பார்த்தால் அலறி எழுந்தவர்கள் இயல்பானவர்கள். ஆழ்ந்து தூங்கிய ஒருவர் இருந்திருந்தால் அவரே பிறழ்ந்தவர்.

ஆனால் அப்போது வந்திறங்கிய நிபுணர்களில் பலர் எதிர்த்திசையில் அதே தவறைச் செய்தார்கள். அவர்களுடைய கையில் இருந்தது அமெரிக்க நடுத்தர வர்க்கத்து இயல்பு. அதனோடு ஒப்பிட்டால் கரை முழுவதும் நோயாளி. அலை அடித்து 3–4 வாரங்களில் இலங்கையின் மூன்று கரையோர இடங்களில் 264 பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு, 14 முதல் 39 சதவீதம் வரை நெருக்கீட்டுப் பிற்பட்ட மனவடு நோய்க்கான குறிகள் இருப்பதாகக் கண்டது. அந்த நோயின் வரைவிலக்கணமே குறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்கிறது. ஆய்வாளர்களும் இது தற்காலிகக் கணிப்பு என்றே எழுதினார்கள். செய்தியாகும்போது அந்த எச்சரிக்கை உதிர்ந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் அதே காலத்தில் சொன்னது மிக நிதானமானது: கடுமையான உளநோய் வழக்கமான 2–3 சதவீதத்திலிருந்து 3–4 ஆகலாம், மிதமான கோளாறுகள் 10இலிருந்து 20 வரை ஏறி, காலப்போக்கில் 15 அளவுக்கு இறங்கலாம். மற்றவர்களின் துயரம் பெரிய துயரம், ஆனால் நோயல்ல. நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லி இறக்கவைக்கும் சிகிச்சை பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று 2002இலேயே ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் முடிவுக்கு வந்திருந்தார்கள். அப்படியிருந்தும் நிபுணர்கள் அதே சிகிச்சையோடு வந்தார்கள்.

இதில் வேறு வழியில் போனவர் இலங்கையில் பிறந்த உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ. பட்டியலைக் கொடுத்து ஆம், இல்லை என்று நிரப்பச் சொல்லாமல், துன்பம் என்றால் உங்களுக்கு என்ன என்று மக்களிடமே கதை கேட்டு, அதிலிருந்து ஓர் அளவையை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். மக்கள் சொன்னவற்றில் உடல் வலி நிறைய இருந்தது. குடும்பத்தில் தன் இடத்தை நிரப்ப முடியவில்லை, தாயாக, தமையனாக இருக்க முடியவில்லை என்ற வேதனையும் இருந்தது. ஊர்க்கட்சிக்காரர் இதைத் தம் பக்கச் சாட்சியாகக் கூப்பிடப் பார்ப்பார். கூப்பிட முடியாது. 'நான் முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லையே' என்று அந்தத் தாய் தன்னையே தன்னோடு ஒப்பிடுகிறாள். அயலவள் வந்து அவளை அளக்கவில்லை.

ஊர் அளவுகோலின் மிகக் கொடிய குறை இன்னொன்று. வித்தியாசமானவனை விசரன் என்பது ஓர் அநியாயம்தான். ஆனால் ஒத்து நடப்பவனின் துயரம் அதன் கண்ணில் படுவதே இல்லை. ஐவேளைத் தொழுகை தவறாத ஆள், வயலுக்குப் போய் வருகிறார், யாரோடும் சண்டையில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க மறக்காத மனுஷி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், தங்கமான பிள்ளை. உள்ளே ஆறு மாதமாக உறக்கமில்லை, உயிர் வாழ விருப்பமில்லை. ஊர் நெறியில் ஒரு புள்ளியும் குறையாததால் யாரும் கேட்பதில்லை. ஒருநாள் செய்தி வருகிறது. 'நல்லாத்தானே இருந்தார்' என்று மையித்து வீட்டிலும் செத்த வீட்டிலும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். நன்றாக இருக்கவில்லை, ஒத்து இருந்தார், அவ்வளவுதான்.

இலங்கையின் தற்கொலை விகிதம் 1995 வாக்கில் உலகத்தின் உச்சங்களில் ஒன்று. அதன் பிறகு ஆக நச்சான கிருமிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது: 1995இல் சில, 1998இல் எண்டோசல்பான், 2008 முதல் இன்னும் சில. இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் விழுந்தது. இறந்தவர்கள் எல்லோரும் பிறவியிலேயே பிறழ்ந்த மனத்தவர் என்றால், கடையில் ஒரு போத்தல் மாறியதற்காக இவ்வளவு பேர் தப்பியிருக்க மாட்டார்கள். நெருக்கடி வரும், கடக்கும். கடக்கும்வரை ஆளைக் காப்பாற்றினால் போதும். 'அவன் ஒரு மாதிரியான ஆள்' என்று செத்த பிறகு ஊர் எழுதும் நோய்ச் சான்றிதழுக்கு இந்த வரலாறு கொடுக்கும் பதில் இது.

திருக்கோவில் பக்கம் போனால் இன்னொரு காட்சி. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் படங்களோடு வீதியோரம் அமர்ந்த கரை இது. 1990இல் போன மகனுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கும் தாய்மார் இங்கே உண்டு. மரணச் சான்றிதழை வாங்கிக்கொண்டு மற்றப் பிள்ளைகளைப் பார், எவ்வளவு காலத்துக்கு இந்த விசர் என்று சொந்தச் சகோதரர்களே கேட்டிருக்கிறார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவன வகைப்பாடு நீடித்த துயரத்தை நோயாகச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல், அந்தப் பண்பாட்டின் வழக்கத்தையும் மீறி நீள வேண்டும். அமெரிக்க உளமருத்துவக் கையேடு ஒரு வருடம் தருகிறது. இரண்டுமே இறப்பை நிச்சயமாக அறிந்தவர்களைப் பற்றிப் பேசுகின்றன. இந்தத் தாய்க்கு அந்த நிச்சயத்தை யாரும் கொடுக்கவில்லை. 2016இல் சட்டம் இயற்றி காணாமல் போனோருக்கென்று ஓர் அலுவலகத்தையே திறந்த நாட்டில், மகன் எங்கே என்று கேட்பவருக்கு மனநோய் என்றால், அந்த அலுவலகம் யாருக்காகத் திறந்திருக்கிறது?

ஆர்ஜென்டினாவில் 1977 முதல் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் வெள்ளைத் துணி கட்டிச் சுற்றி வந்த தாய்மாரை இராணுவ ஆட்சியாளர்கள் பைத்தியக்காரிகள் என்றே அழைத்தார்கள். ஆட்சி கவிழ்ந்த பின் ஆட்சியாளர்கள்தான் நீதிமன்றக் கூண்டில் நின்றார்கள்.

நெறியை நோயின் அளவாக்கினால் அளவுகோல் யார் கையில் போய்ச் சேரும் என்பதற்கு வரலாற்றில் சாட்சிகள் ஏராளம். 1851இல் அமெரிக்கத் தென்மாநில வைத்தியர் சாமுவேல் கார்ட்ரைட், எசமானிடமிருந்து தப்பியோடும் அடிமைகளுக்கு ஒரு மனநோய் என்று பெயர் வைத்தார். சோவியத்தில் ஆட்சியை விமர்சித்தவர்களுக்கு 'மெதுவாக வளரும் மனச்சிதைவு' என்று எழுதி மனநோய் விடுதியில் அடைத்தார்கள். தன்பால் ஈர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. எதிர்ப்பு எழ, 1974இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடந்து 58 சதவீதம் எடுத்ததை ஆதரித்தது. வாக்கு எண்ணி நிர்ணயிக்க வேண்டி வந்தால் அது முதலிலேயே நோயாக இருக்கவில்லை என்றுதான் பொருள். நீரிழிவுக்கு யாரும் வாக்குச்சீட்டு அடிப்பதில்லை.

இலட்சிய உளநலம் என்ற வரைவிலக்கணத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 1958இல் மாரி யகோடா சொன்ன ஆறு நிபந்தனைகளில் ஒன்று, பிறரைச் சாராமல் தானே தீர்மானிப்பது. உம்மாவையும் மாமியையும் கேட்காமல் கதிரைகூட வாங்காத கரையில் அந்தப் பரீட்சையில் தேறுபவர் எவரும் இரார்.

இப்படியெல்லாம் சொன்னால், மனநோய் என்பதே கட்டுக்கதை என்ற தோமஸ் சாஸின் 1961ஆம் ஆண்டுக் கட்சிக்குப் போய்ச் சேர்கிறீர்கள் என்று குற்றம் சாட்டுவார்கள். இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவை அண்டி நடந்த ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல், 28 பேர் எரிந்து இறந்தார்கள். அவர்களில் பலருக்கு நோய் உண்மையாகவே இருந்தது. மருந்தும் உலகத்தில் இருந்தது. அவர்களிடம் போய்ச் சேரவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஊரில் சங்கிலி போடுவது நெறியாக இருந்தது. எல்லோரும் கண்டார்கள், எவருக்கும் அது பிறழ்வாகத் தோன்றவில்லை.

நோய் உண்மை, ஊர் அதை அளக்கும் விதம்தான் பொய். நான்சி வாக்ஸ்லர் இலங்கையில் மனச்சிதைவு நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 1979இல் எழுதியபோது, பணக்கார நாட்டு நோயாளிகளை விட இவர்கள் நன்றாகத் தேறியதைக் கண்டார். ஆளை நிரந்தர நோயாளி என்று முத்திரை குத்தாமல் குடும்பம் மீண்டும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டதே காரணம் என்பது அவர் கருத்து. அந்த முடிவைப் பின்னர் கேள்வி கேட்டோரும் உண்டு. ஆனாலும் திசை சரியானது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? ஆளை அவருடைய நேற்றோடு ஒப்பிட வேண்டும். முன்பு உறங்கியவர் உறங்கவில்லையா, சிரித்தவர் சிரிக்கவில்லையா, தான் விரும்பியதைச் செய்ய முடிந்தவருக்கு இப்போது முடியவில்லையா, அது அவரை வருத்துகிறதா? பித்து ஏறிய ஒருவர் தனக்கு ஒரு குறையும் இல்லை, உலகத்தையே வாங்கப் போகிறேன் என்பார். அவர் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பது உண்மைதான். அங்கேயும் பயன்படுவது 'இவர் முந்தி இப்படி இல்லையே' என்று மனைவி சொல்வது. ஊர் என்ன செய்கிறது என்ற கணக்கு அங்கே ஒன்றுக்கும் உதவாது. பிறந்ததிலிருந்தே மற்றப் பிள்ளைகளைப் போல இல்லாத பிள்ளைக்கு நேற்று என்று ஒன்று இல்லையே என்றால், அந்தப் பிள்ளைக்கு வேண்டியது கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர், பரிசாரியின் இசுமும் ஓதிய தண்ணீரும் அல்ல.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, சமூக, பண்பாட்டு, அரசியல் மதிப்புகளுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்து நடக்கவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இலங்கையின் உளநோய்ச் சட்டம் 1873இல் பிரித்தானியர் இயற்றிய கட்டளைச் சட்டத்தில் வேர்கொண்டது. புதிய சட்டம் தேவை என்பது 2005ஆம் ஆண்டுத் தேசிய உளநலக் கொள்கையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயம். அந்தச் சட்டத்தில் இப்படியொரு பிரிவு இடம்பெற வேண்டும் என்று அம்பாறைக் கரையின் பாராளுமன்ற உறுப்பினர்கள், தமிழரும் முஸ்லிமும், ஒரே குரலில் கேட்க வேண்டும். அதுவரை, உளவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்த நான்கு வரைவிலக்கணங்களையும் சம மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யச் சொல்வதையாவது நிறுத்தட்டும்.